கிட்ஹப்பைப் பிடித்த ஏழரை

கம்ப்யூட்டர் உலகத்துச் சமாசாரங்களை இங்கே எழுதினால், "நமக்கெதற்கு ஸார் இதெல்லாம்?" என்று கேட்கிற நண்பர்கள் சிலர் உண்டு. இருந்தாலும் இதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. வருஷக்கணக்காகக் கூடிப் பழகிய ஒரு பொது இடம் கைமாறப் போகிறது என்று தெரிந்ததும் ஜனங்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். அந்த ஜனங்கள் ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள். இடத்தின் பெயர் கிட்ஹப். வருஷம் 2018.

முதலில் 'கிட்' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பாங்க்கில் வேலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு பேரேட்டில் எழுதிய எதையும் அழிக்கக் கூடாது. திருத்தினால் யார், எப்போது, ஏன் திருத்தினார் என்று பதிவு இருக்க வேண்டும். ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்கும் அப்படி ஒரு பேரேடு வேண்டும். கிட் அந்தப் பேரேடு. இதில் ஒரு விசேஷம், பேரேடு ஹெட் ஆபீசில் மட்டும் இருக்காது. வேலை செய்கிற ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முழுப் பிரதி இருக்கும்.

அதை எழுதியவர் லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ். எழுத நேர்ந்த காரணம் நம் கதைக்கு முக்கியமானது. லினக்ஸ் ஊருக்கே பொதுவான சொத்து. ஆனால் அதைக் கட்டுபவர்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியார் கம்பெனி மென்பொருளில்தான் தங்கள் பேரேட்டை வைத்திருந்தார்கள். இலவசமாக உபயோகிக்க அனுமதி இருந்தது. பொதுச் சொத்தின் கணக்கைத் தனியார் பெட்டியில் வைக்கலாமா என்று சிலர் அப்போதே முணுமுணுத்தார்கள். 2005-ல் ஒரு தகராறு. ஆண்ட்ரூ டிரிட்ஜல் என்ற நிபுணர் பிட்கீப்பர் எப்படிப் பேசுகிறது என்று வெளியிலிருந்து ஆராய்ந்தார் என்பதற்காகக் கம்பெனி இலவச அனுமதியை வாபஸ் வாங்கிவிட்டது. லினஸ் 2005 ஏப்ரல் முதல் வாரத்தில் உட்கார்ந்து சில நாட்களிலேயே கிட்டின் முதல் வடிவத்தை எழுதிவிட்டார். ஒரு முதலாளியின் தயவில் இருக்கக் கூடாது என்ற எரிச்சலில் பிறந்த கருவி அது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி நன்றாக இருந்தது, ஆனால் பழகுவதற்குக் கரடுமுரடு. 2008-ல் சான் பிரான்சிஸ்கோவில் டாம் பிரஸ்டன்-வெர்னர், கிறிஸ் வான்ஸ்ட்ராத், பி.ஜே. ஹயட் ஆகிய இளைஞர்கள் அதற்கு ஓர் அழகான வீடு கட்டினார்கள். அதுதான் கிட்ஹப். உங்கள் ப்ரோக்ராமை அங்கே வைக்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் அதைப் பார்த்து, "இந்த வரியில் பிழை இருக்கிறது, இதோ திருத்தம்" என்று அனுப்பலாம். நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஊரறிய வைத்தால் கட்டணம் இல்லை. பூட்டி வைத்தால் பணம். பத்தே வருஷத்தில் 2 கோடியே 80 லட்சம் பேர் அங்கே இருந்தார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனிகள் பயோடேட்டாவைத் தள்ளி வைத்துவிட்டு, "உங்கள் கிட்ஹப் பக்கம் எங்கே?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. என் தங்கை மகன் அப்படித்தான் வேலைக்குப் போனான்.

2018 ஜூன் 3, ஞாயிற்றுக்கிழமை. மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை வாங்கப் போகிறது என்று ப்ளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. மறுநாள் திங்கட்கிழமை அதிகாரபூர்வ அறிவிப்பு. விலை ஏழரை பில்லியன் டாலர், அதாவது 750 கோடி டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 50,000 கோடி ரூபாய். ரொக்கமாக அல்ல, மைக்ரோசாஃப்ட் பங்குகளாக. ஏழரை என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது அவர்களுக்கு வந்திருக்காது. ஆனால் பதறியது என்னவோ சனி பிடித்த மாதிரிதான்.

ஏன் அவ்வளவு பதற்றம்? வாங்கியது வேறு யாராவது என்றால் இத்தனை கூச்சல் இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். சோர்ஸ் கோடைத் திறந்து வைக்கும் கொள்கைக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் இருந்தது பழைய பகை. காசு கொடுக்காமல் மென்பொருளைப் பிரதி எடுக்கிறார்கள் என்று பில் கேட்ஸ் 1976-லேயே பகிரங்கக் கடிதம் எழுதியவர். லினக்ஸை எப்படி மடக்கலாம் என்று ஆராய்ந்த கம்பெனியின் உள்குறிப்புகள் 1998-ல் கசிந்து 'ஹாலோவீன் ஆவணங்கள்' என்று பெயர் பெற்றன. 2001-ல் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். ஒருவர் கட்டிய வீட்டையே புற்றுநோய் என்றவர்களின் கம்பெனி அந்தத் தெருவையே விலைக்கு வாங்க வந்தால் எப்படி இருக்கும்?

இன்னொரு பயமும் இருந்தது. மைக்ரோசாஃப்ட் வாங்கியது உருப்பட்டதா என்ற கேள்வி. இதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் 2014-ல் வாங்கியபோது, வரித் தகராறினால் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை அந்த வியாபாரத்தில் சேராமல் நின்றுபோனது. அந்த வருஷம் நவம்பரில் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளம் பிள்ளைகள் வேலை இழந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அதற்கடுத்த வருஷம் நோக்கியா வகையில் 760 கோடி டாலரை நஷ்டமென்று எழுதித் தள்ளியது மைக்ரோசாஃப்ட். கிட்ஹப்புக்குக் கொடுத்த விலையைவிடக் கொஞ்சம் அதிகம்!

ஆக, அந்த ஞாயிறு, திங்களில் ஜனங்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். போன இடம் பெரும்பாலும் கிட்லேப். உக்ரைனைச் சேர்ந்த திமித்ரி சபோரோஷெட்ஸ் 2011-ல் தொடங்கிய போட்டித் தளம் அது. வழக்கமாக ஒரு நாளில் வந்து சேரும் களஞ்சியங்களைப் போலப் பத்து மடங்கு வந்து குவிவதாக கிட்லேப் பெருமையோடு அறிவித்தது. 'கிட்லேபுக்குக் குடிபெயர்கிறோம்' என்று ட்விட்டரில் ஒரு கோஷமே கிளம்பியது. வேடிக்கை என்னவென்றால், அன்றைய தேதியில் கிட்லேப் ஓடிக்கொண்டிருந்ததே மைக்ரோசாஃப்டின் அஷூர் கம்ப்யூட்டர்களில்தான். வாடகைக்கு! வீட்டுக்காரர் பிடிக்காமல் ஓடியவர்கள் அவருடைய இன்னொரு வீட்டில் போய் இறங்கினார்கள். சில வாரங்களில் கிட்லேப் கூகுளின் கம்ப்யூட்டர்களுக்கு மாறிவிட்டது. அந்த ஏற்பாடு முன்பே நடந்துகொண்டிருந்ததுதான்.

கேலிச் சித்திரங்களுக்கும் குறைவில்லை. பழைய வேர்டில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வருமே ஒரு பேப்பர் கிளிப், அது கிட்ஹப்பில் வந்து உபதேசம் செய்வது போல எத்தனையோ படங்கள்.

எல்லோரும் ஓடவில்லை. பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷன் தலைவர் ஜிம் ஜெம்லின் இது நல்ல செய்திதான் என்று எழுதினார். அவர் தரப்பிலும் நியாயம் இருந்தது. 2014-ல் சத்யா நாதெள்ளா வந்த பிறகு மைக்ரோசாஃப்டின் போக்கு மாறியிருந்தது. 2016-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷனிலேயே உறுப்பினராகச் சேர்ந்தார்கள். தங்களுடைய சொந்தத் தளமான கோட்ப்ளெக்ஸை 2017-ல் மூடிவிட்டு கிட்ஹப்புக்கே குடிவந்திருந்தார்கள். சமீப காலத்தில் நாங்கள் செய்ததை வைத்து எடை போடுங்கள் என்று நாதெள்ளா கேட்டுக்கொண்டார்.

கிட்ஹப்புக்கும் யாராவது வந்து தூக்கிவிட வேண்டிய நிலைமை. வான்ஸ்ட்ராத் தலைமைப் பதவியிலிருந்து விலகுவதாக 2017 ஆகஸ்டில் சொல்லியும் பல மாதங்களாக மாற்று ஆள் அமையவில்லை. வேறொரு தளத்தின் கதையையும் அனுபவஸ்தர்கள் ஞாபகப்படுத்தினார்கள். 1999-ல் தொடங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ் ஒரு காலத்தில் இந்த உலகத்தின் தலைநகரம். வருமானம் போதாமல், இறக்கிக்கொள்ளும் ஃபைல்களோடு விளம்பரச் சரக்கையும் கட்டி அனுப்ப ஆரம்பித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. காசில்லாத நல்லவன் கையில் இருப்பதைவிடக் காசுள்ள பழைய எதிரி கையில் இருப்பது மேல் என்பது இவர்கள் வாதம்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. கிட்டின் தத்துவப்படி பேரேட்டின் முழுப் பிரதி ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. நாளையே கிட்ஹப் எரிந்து போனாலும் ப்ரோக்ராம் அழியாது. அப்படியிருக்க எதை இழப்போம் என்று பயந்தார்கள்? ப்ரோக்ராமைச் சுற்றி வளர்ந்திருந்த பேச்சைத்தான். "இது ஏன் இப்படி?" என்று ஒருவர் கேட்டது, இன்னொருவர் ஆறு மாதம் கழித்துப் பதில் சொன்னது, பாராட்டு, சண்டை, சமாதானம் எல்லாம் கிட்ஹப் என்ற கம்பெனியின் கணக்கில் இருந்தன, கிட்டின் பேரேட்டில் அல்ல. முதலாளியின் தயவு வேண்டாமென்று செய்த கருவியை எடுத்துக்கொண்டு போய், மறுபடி ஒரு முதலாளியின் திண்ணையில் உட்கார்ந்துதான் பத்து வருஷம் பேசியிருக்கிறார்கள். விற்கிற அன்றைக்குத்தான் அது உறைத்தது.

ஐரோப்பிய கமிஷன் நிபந்தனை இல்லாமல் ஒப்புதல் கொடுத்தது. 2018 அக்டோபர் 26-ல் விற்பனை முடிந்தது. புதுத் தலைவர் நாட் ஃபிரீட்மன், லினக்ஸ் வட்டாரத்திலேயே வளர்ந்தவர். என்னை நம்புங்கள் என்று கேட்கவில்லை, நம்பிக்கையைச் சம்பாதிக்கப் பார்க்கிறேன் என்று நாசூக்காகச் சொன்னார். 2019 ஜனவரியில் பூட்டி வைக்கும் களஞ்சியங்களும் தனி ஆட்களுக்கு இலவசமாயின. 

அதோடு சுபம் போடலாமா என்றால் முடியாது. 2019 ஜூலையில் அமெரிக்கப் பொருளாதாரத் தடையைக் காட்டி ஈரான், சிரியா, கிரீமியா ஆட்களின் கணக்குகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஒரு நாள் காலையில் தன் வேலையைத் தானே திறக்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு. ஈரானுக்கு மட்டும் 2021 ஜனவரியில் விலக்கு கிடைத்தது. அந்த வருஷம் ஜூனில் கோபைலட் வந்தது. கிட்ஹப்பில் ஊரார் எழுதி வைத்த ப்ரோக்ராம்களைப் படித்துப் படித்துத் தானே எழுதக் கற்ற இயந்திரம். எங்கள் உழைப்பைக் கேட்காமல் எடுத்தார்கள் என்று 2022 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் வழக்கே போட்டார்கள். 2018-ல் எத்தனையோ விதமாகப் பயந்தவர்களில் இந்தத் திசையில் யோசித்தவர்கள் அபூர்வம்.

ஆட்டம் என்று கிட்ஹப்பே உருவாக்கிய எழுதுபலகை ஒன்று இருந்தது. மைக்ரோசாஃப்டிடமும் அதே வேலைக்கு வேறொன்று இருந்ததால், ஆட்டத்தை மூடிவிடுவீர்களா என்று அன்றைக்கே கேட்டார்கள். இரண்டையும் தொடர்ந்து வளர்ப்போம் என்றார் ஃபிரீட்மன். அவர் 2021 நவம்பரில் பதவியை விட்டுப் போனார். 2022 டிசம்பர் 15-ல் ஆட்டத்தை மூடினார்கள். 2018-ல் ஜனங்கள் ஓடி அடைக்கலம் புகுந்த கிட்லேபோ 2021 அக்டோபரிலேயே நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்துவிட்டது. இப்போது அதற்கும் பங்குதாரர்கள் உண்டு.