தொன்லே சாப் ஏரியும் அதன் ஆவணமற்ற குடிகளும்

கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியை மேகொங் நதியுடன் இணைக்கும் ஆறு ஆண்டுதோறும் திசை மாறி ஓடுகின்றது. மழைக்காலத்தில் பெருக்கெடுக்கும் மேகொங்கின் நீர் அதனூடாக ஏரிக்குள் ஏறும். மழை ஓய்ந்ததும் வந்த வழியே திரும்பும். கோடையில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீற்றராகச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, வெள்ளத்தின் உச்சத்தில் 10,000 சதுர கிலோமீற்றரையும் தாண்டி விரிந்து கரையோரக் காட்டை மூழ்கடிக்கின்றது. மீன்கள் உண்டு கொழுப்பது அந்தக் காட்டுக்குள்தான். 1296 இல் சீனத் தூதுக்குழுவுடன் அங்கோருக்கு வந்த சூ தாகுவான், பெருமரங்களின் நுனிகள் மாத்திரமே நீருக்கு மேலே தெரிவதை எழுதி வைத்திருக்கின்றார்.

இத்தகைய வளத்தை ஆட்சியாளர்கள் சும்மா விட்டுவைப்பார்களா? பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் ஏரி கூறு போடப்பட்டு ஏலத்தில் விடப்பட்டது. குத்தகைதாரர்கள் மூங்கில் வேலிகளையும் ஆயுதம் தாங்கிய காவலாளர்களையும் நிறுத்தினார்கள். கரையோரக் கிராமத்தவர் தங்கள் வாசல் நீரிலேயே திருடர்களானார்கள். 2000 ஆம் ஆண்டளவில் குத்தகைப் பரப்பில் பாதிக்கு மேல் விடுவிக்கப்பட்டது. எஞ்சியவை 2012 இல் ஒழிக்கப்பட்டன.

1993 நவம்பரில் மன்னர் சிஹானூக்கின் ஆணை இந்த ஏரியைப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக்கியது. 1997 இல் யுனெஸ்கோ அதனை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. பிரெக் தோலில் கூடு கட்டும் கூழைக்கடாக்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் எடுத்து விற்று வந்த கிராமத்தவர்களே பின்னர் கூலிக்கு அமர்த்தப்பட்டு, மர உச்சிப் பரண்களில் இருந்து அவற்றைக் காவல் காத்தனர். பறவைகள் பெருகின. பாராட்டத்தக்க காரியம்தான்.

ஆனால், அதே 1993 இன் மார்ச் மாதத்தில், ஐ.நா. இடைக்கால நிர்வாகம் நிலைகொண்டிருந்த வேளையில், சொங் நியாஸ் மிதக்கும் கிராமத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வியட்நாமியர் சுட்டுக்கொல்லப்பட்டனர். சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். கெமர் ரூஜ் இயக்கத்தினரே கொன்றதாகக் கூறப்பட்டது. பல்லாயிரம் பேர் படகுகளில் எல்லையை நோக்கித் தப்பியோடினர்.

கெமர் மக்களுடனும் சாம் முஸ்லிம்களுடனும் அருகருகே தொழில் செய்த இவர்கள் நேற்று வந்தவர்களல்லர். பல குடும்பங்கள் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே ஏரியில் வாழ்ந்தவை. 1970 இல் லொன் நொல் ஆட்சி அவர்களைக் கொன்றும் நாடு கடத்தியும் வேட்டையாடியது. 1975 இல் பொல் பொட் ஆட்சி எஞ்சியவர்களை விரட்டியது. விரட்டப்படாது தங்கியவர்களைக் கொன்றொழித்தது. 1979 க்குப் பின்னர் திரும்பி வந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் எங்கே போவார்கள்? பிறந்த ஏரியிலேயே அவர்கள் குடிவரவாளர்களாகப் பதியப்பட்டனர். பிரஜாவுரிமை இல்லாதவர் கம்போடியாவில் காணி வாங்க முடியாது. மிதக்கும் வீட்டைச் சுற்றுலாப் பயணி அழகென்று படம் பிடிக்கின்றார். அவ்வீட்டுக்காரருக்கோ நிலம் மறுக்கப்பட்டிருக்கின்றது.

2018 நவம்பர் 16 அன்று, ஐ.நா. ஆதரவுடனான விசேட நீதிமன்றம், வியட்நாமியர் மீது கெமர் ரூஜ் ஆட்சி புரிந்தது இனப்படுகொலையே என்று தீர்ப்பளித்தது. அந்த மாதங்களில்தான், ஏரியை மாசுபடுத்துகின்றார்கள் என்ற காரணம் காட்டி, கொம்பொங் ச்னாங்கில் அதிகாரிகள் மிதக்கும் வீடுகளை அகற்றிக்கொண்டிருந்தார்கள். கரையேற்றப்பட்ட குடும்பங்கள் வாடகைக் காணிகளில் கொட்டில் போட்டன.