மரபணு வெளிப்பாட்டு ஆய்வு: சுண்டெலித் திசுவிலும் மனிதத் திசுவிலும் நோயைப் படித்தல்

ஒரு திசுவில் குறிப்பிட்ட நேரத்தில் எந்தெந்த மரபணுக்கள் செயல்படுகின்றன, எவ்வளவு செயல்படுகின்றன என்பதை ஒரே சோதனையில் ஆயிரக்கணக்கில் அளக்கும் முறையே மரபணு வெளிப்பாட்டு ஆய்வு. உடலின் செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். புரதங்களுக்கான சுமார் 20,000 மரபணுக்களில் எவை படியெடுக்கப்படுகின்றன என்பதே கல்லீரல் செல்லை மூளைச் செல்லிலிருந்து வேறாக்குகிறது. அந்தப் படிதான் தூது ஆர்.என்.ஏ. நோயுற்ற திசுவில் படிகளின் அளவு மாறும். நலமான திசுவோடு ஒப்பிட்டால் மாற்றம் தெரியும். ஆனால் மாறிய மரபணு நோயை உண்டாக்கியதா, நோயால் மாறியதா என்பதை இந்த அளவீடு தானாகச் சொல்லாது. அதைச் சோதிக்கத்தான் விலங்கு தேவைப்படுகிறது. விலங்கில் கண்டது மனிதனுக்குப் பொருந்துமா என்ற கேள்வியும் அங்கிருந்தே தொடங்குகிறது.

அளக்கும் முறைகள்

1995-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் பிரவுன், ரொனால்டு டேவிஸ் முதலியோர் கண்ணாடித் தகட்டில் டி.என்.ஏ. புள்ளிகளை அச்சிட்டு, அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் 45 மரபணுக்களை ஒரே நேரத்தில் அளந்தனர். இதுவே மைக்ரோஅரே. ஒளிரும் சாயம் ஏற்றிய படிகள் தகட்டில் தமக்குரிய இணையோடு ஒட்டிக்கொள்ளும். புள்ளியின் ஒளி கூடினால் படிகள் அதிகம் என்று பொருள். தகட்டில் எதை வைத்தோமோ அதை மட்டுமே பார்க்க முடியும் என்பது இதன் குறை. 2008 அளவில் பரவத் தொடங்கிய ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தல், திசுவில் உள்ள படிகளை நேரடியாகப் படித்து எண்ணி இக்குறையைப் போக்கியது. அதன் தொடக்க ஆய்வுகளில் ஒன்று சுண்டெலியின் மூளை, கல்லீரல், தசை ஆகியவற்றில் நடந்தது. மறு ஆண்டே சுண்டெலிக் கருவின் ஒற்றைச் செல்லைத் தனியே படித்துவிட்டார்கள்.

20,000 மரபணுக்களைச் சோதிக்கும்போது நூற்றுக்கு ஐந்து பிழை இருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தால், உண்மையில் எதுவுமே மாறாத நிலையிலும் 1,000 மரபணுக்கள் மாறியதாகத் தோன்றும். எனவே பொய்க் கண்டுபிடிப்புகளின் விகிதத்தைக் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி–ஹாக்பெர்க் முறை (1995) இத்துறையில் அன்றாடக் கருவியாயிற்று.

திசு வரும் வழி

ஆய்வகச் சுண்டெலிகள் ஒரே இனக்கால்வழி, ஒரே வயது, ஒரே தீவனம். உறுப்பை எடுத்தவுடன் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிடலாம். மனிதரிடம் இந்த வசதி இல்லை. இரத்தம் எளிதில் கிடைக்கும். தசை, தோல் ஆகியவற்றிலிருந்து சிறு துண்டு எடுக்கலாம். கட்டி அறுவை அரங்கிலிருந்து வரும். மூளையோ பெரும்பாலும் இறப்புக்குப் பின்தான். ஆர்.என்.ஏ. விரைவில் சிதையக்கூடியது, அதைச் சிதைக்கும் நொதி ஆய்வாளரின் விரல் நுனியிலேயே இருக்கிறது. 2010-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜிடெக்ஸ் திட்டம், இறந்த ஏறத்தாழ 950 பேரின் 50-க்கும் மேற்பட்ட வகைத் திசுக்களைத் திரட்டி 2020-இல் முழுமை பெற்றது. நலமான மனிதத் திசு எப்படி இருக்கும் என்பதற்கு இன்று பெரிதும் பயன்படும் அளவுகோல் அதுதான்.

நேரமும் முக்கியம். சுண்டெலியின் புரத மரபணுக்களில் 43 விழுக்காடு ஏதேனும் ஓர் உறுப்பில் நாள் சுழற்சிக்கேற்ப ஏறி இறங்குவதாக 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. சுண்டெலி இரவில் நடமாடும் உயிர். காலை பத்து மணிக்குத் திசு எடுக்கும் ஆய்வாளர், உண்மையில் அது உறங்கும் நேரத்தில் எடுக்கிறார்.

புற்றுநோயில்

புற்றுநோயில் மனிதத் திசு தாராளமாகக் கிடைப்பதால் இம்முறை முதலில் வேரூன்றியது அங்கேதான். 1999-இல் டாட் கோலப் குழு 38 எலும்பு மச்சை மாதிரிகளில் 6,817 மரபணுக்களை அளந்து, இருவகைக் கடும் இரத்தப் புற்றுகளைப் பிரித்துக் காட்டியது. 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் 70 மரபணுக்கள் கொண்ட மார்பகப் புற்றுக் குறியீடு உருவாயிற்று. மாமாபிரிண்ட் என்ற பெயரில் 2007-இல் அதற்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. 6,693 பெண்கள் பங்கேற்ற மின்டாக்ட் ஆய்வில் (2016), மருத்துவ அளவுகோல்படி ஆபத்து அதிகம் என்றும் இக்குறியீட்டின்படி குறைவு என்றும் வந்தவர்களில் கீமோதெரபி பெறாதவர்களைக் கவனித்தனர். ஐந்தாண்டு முடிவில் அவர்களில் 94.7 விழுக்காட்டினர் தொலைப்பரவல் இன்றி உயிருடன் இருந்தனர்.

தனி மரபணு பேசாதபோது

நீரிழிவில் இரு உயிரினங்களின் தரவும் அழகாகக் கைகோத்த ஆய்வு 2003-இல் வந்தது. வம்சி மூதா முதலியோர் 43 ஆண்களின் தொடைத் தசையை ஆராய்ந்தனர். நீரிழிவுக்காரரையும் மற்றவரையும் பிரித்துக் காட்டும்படி தனி மரபணு ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உண்டாக்கும் மரபணுக்களைக் கூட்டமாகப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ 20 விழுக்காடு சேர்ந்தே தாழ்ந்திருந்தன. அக்கூட்டத்தில் எவை உண்மையில் ஒன்றாக ஏறி இறங்குபவை என்று வடிகட்ட அவர்கள் பயன்படுத்தியது சுண்டெலித் திசுக்களின் வெளிப்பாட்டுத் தொகுப்பை. பிஜிசி-1ஆல்ஃபா என்ற புரதம் அவற்றை முடுக்குகிறது என்பதையும் சுண்டெலித் தசைச் செல்களில் உறுதி செய்தனர். கேள்வி மனிதனிடமிருந்து வந்தது. விலங்கு விடையைக் கூர்மையாக்கியது. இந்த வரிசைதான் சரி என்று தோன்றுகிறது.

அழற்சிச் சர்ச்சை

2013 பிப்ரவரியில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அழற்சி பற்றி வந்த கட்டுரை, கொறிவிலங்கு ஆய்வையே உலுக்கியது. மைக்ரோஅரேக்கு வித்திட்ட அதே ரொனால்டு டேவிஸும் ஷா வாரன் முதலியோரும் விபத்துக் காயம் பட்ட 167 பேர், தீக்காயம் பட்ட 244 பேர், பாக்டீரிய நச்சு மிகச் சிறு அளவில் செலுத்தப்பட்ட நலமான 4 பேர் ஆகியோரின் இரத்த வெள்ளணுக்களைச் சுண்டெலிகளோடு ஒப்பிட்டனர். மூன்று நிலைகளிலும் மனித உடலின் பதில் ஒன்றுக்கொன்று வெகுவாக ஒத்திருந்தது. சுண்டெலியின் பதிலோ மனிதப் பதிலோடு கிட்டத்தட்டத் தொடர்பே இல்லாமல் இருந்தது. தொற்றால் உடல் முழுதும் அழற்சி பரவும் செப்சிஸ் நிலைக்கான ஏறத்தாழ 150 மருந்துகள் மனிதரில் தோற்றதற்கு இதுவே காரணமாகலாம் என்றார்கள்.

அடுத்த ஆண்டே ஜப்பானின் கெய்சோ தகாவோவும் சுயோஷி மியகாவாவும் அதே தரவை எடுத்து, அதே இதழில், சுண்டெலி மனிதனைப் பெரிதும் ஒத்திருக்கிறது என்று எழுதினர். தலைப்பில்கூட ஏறத்தாழ ஒரே ஒரு சொல்தான் மாறியிருந்தது! தரவு ஒன்று, முடிவு நேரெதிர். வேறுபாடு தேர்வில் இருந்தது. முதல் குழு மனிதரில் மாறிய மரபணுக்கள் அனைத்தையும் எடுத்து, அவை சுண்டெலியில் என்ன ஆயின என்று கேட்டது. இரண்டாம் குழு இரு உயிரினங்களிலும் தெளிவாக மாறியவற்றை மட்டும் எடுத்து, அவை ஒரே திசையில் மாறினவா என்று கேட்டது. பின்னதில் ஒற்றுமை கூடித் தெரிவது இயல்பே. ஒவ்வாதவை வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டன. முன்னதும் குறையற்றதன்று. அதில் பயன்பட்டது சி57பிஎல்/6 என்ற ஒரே கால்வழி. மனித நோயாளிகள் பல வயதினர், சிகிச்சையில் இருந்தவர்கள். அவர்களிடம் மாற்றங்கள் மாதக்கணக்கில் நீடித்தன. சுண்டெலியில் சில நாட்களில் அடங்கின. இன்னொன்றும் உண்டு: மனித வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில்கள் பெரும்பான்மை, சுண்டெலியில் லிம்ஃபோசைட்டுகள். செல் கலவையே வேறென்றால், எந்த மரபணுவும் தன் செல்லுக்குள் மாறாமலேயே மொத்த அளவில் வேறுபாடு தெரியும்.

இயந்திரத்தின் கைரேகை

2014-இல் மற்றொரு பெருந்திட்டம், மனிதக் கல்லீரல் சுண்டெலிக் கல்லீரலைவிட மனித நுரையீரலையே ஒத்திருக்கிறது என்ற பொருள்பட, திசுக்கள் உயிரினவாரியாகக் குழுமுவதாக அறிவித்தது. சிகாகோவின் யோவாவ் கிலாடும் ஓர்னா மிஸ்ராஹி-மானும் மூலக் கோப்புகளைத் திறந்து, ஒவ்வொரு மாதிரியும் எந்தக் கருவியில், எந்த ஓட்டத்தில் படிக்கப்பட்டது என்று தேடினர். மனித மாதிரிகளும் சுண்டெலி மாதிரிகளும் பெரும்பாலும் தனித்தனித் தொகுதிகளாக ஓட்டப்பட்டிருந்தன. தொகுதி வேறுபாட்டைக் கணக்கில் கழித்ததும் கல்லீரல் கல்லீரலோடு சேர்ந்தது (2015). உயிரின வேறுபாடும் தொகுதி வேறுபாடும் இப்படிப் பின்னிக்கொண்டால் எந்தப் புள்ளியியலாலும் முழுதாகப் பிரிக்க இயலாது. மாதிரிகளை முதலிலேயே கலந்து ஓட்டியிருக்க வேண்டும்.

எந்தச் சுண்டெலி?

காசநோய் ஆய்வு இக்கேள்விக்கு நேரடியாக விடை தேடியது. 2010-இல் ஆன் ஓ'காரா குழு லண்டன், தென்னாப்பிரிக்க நோயாளிகளின் இரத்தத்தில் 393 படிகள் கொண்ட குறியீட்டைக் கண்டது. அதில் முதன்மையானவை நியூட்ரோஃபில்களில் இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் புரதம் தூண்டும் மரபணுக்கள். சிகிச்சை முன்னேற அவை அடங்கின. வழக்கமான சி57பிஎல்/6 சுண்டெலி இந்நோயை ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதன் நுரையீரலில் மனிதருக்கு வருவது போன்ற அழுகிய முடிச்சுகள் பொதுவாக உருவாவதில்லை. சி3எச்இபி/எஃப்இஜே என்ற கால்வழியில் அவை உருவாகும். அவ்வகைச் சுண்டெலிக்கு எச்என்878 என்ற வீரியக் கிருமியைத் தொற்றவைத்தபோது, அதன் இரத்தக் குறியீடு மனித நோயாளியினுடையதைப் பெரிதும் ஒத்திருந்தது என்று அதே குழு 2020-இல் காட்டியது. ‘சுண்டெலி’ என்று பொதுவாகப் பேசுவதே பிழைக்கு இடம் தருகிறது.

செல்செல்லாக

ஒற்றைச் செல் முறை, கலவையால் வரும் குழப்பத்தை நீக்குகிறது. 2017-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தினர், அல்சைமர் நோய் மரபணுக்கள் புகுத்தப்பட்ட சுண்டெலிகளின் மூளையில் நோய்சார் மைக்ரோக்ளியா என்ற தனி நிலையை இனங்கண்டனர். மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா அந்நிலையை முழுமையாக அடைய ட்ரெம்2 என்ற மரபணு தேவை. மனிதரில் அதன் சில வடிவங்கள் அல்சைமர் ஆபத்தைக் கூட்டுவது முன்பே தெரியும். ஆனால் மனித மூளையில் தேடியபோது அதே மரபணுக் கூட்டம் அதே வடிவில் அகப்படவில்லை.

இதை உடனே உயிரின வேறுபாடு என்று எழுதிவிட முடியாது. உறைந்த மனித மூளையிலிருந்து முழுச் செல்லைப் பிரித்தெடுப்பது கடினம். உட்கருவை மட்டுமே எடுக்கிறார்கள். மைக்ரோக்ளியா முடுக்கப்பட்டதைக் காட்டும் பல மரபணுக்களின் படிகள் உட்கருவில் குறைவாகவே இருக்கின்றன என்று பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் 2020-இல் சுட்டிக்காட்டினர். மனிதக் குருத்துச் செல்களிலிருந்து வளர்த்த மைக்ரோக்ளியாவைச் சுண்டெலி மூளையில் குடியேற்றி, பின்னர் அவற்றை முழுச் செல்லாகவே பிரித்துப் படிக்கும் வழியையும் லூவனில் கையாள்கின்றனர்.