சிறுகதையில் அச்சம்: வேதாளம் முதல் காஞ்சனை வரை

பழங்கதைகளில் அச்சத்திற்கென்று ஓர் இடமுண்டு. அது வீட்டிற்குப் புறத்தே உள்ளது. காசுமீரத்துச் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் இயற்றிய கதாசரித்சாகரத்தின் வேதாளக் கதைகள் இருபத்தைந்தையும் நோக்குக. அங்கே அச்சம் சுடுகாட்டு மரத்தில் தொங்குகிறது. வேந்தன் தானே அதனைத் தேடிச் செல்கிறான். விடையறிந்தும் வாய் திறவாவிடின் தலை வெடிக்கும். திறந்தாலோ வேதாளம் மீண்டும் மரமேறிவிடும். எனினும் ஈற்றில் அறிவே வெல்லும். ஆதலால் பாட்டிமார் மடியில் கதை கேட்ட சிறுவர் அஞ்சியும் உறங்கினர்.

புதுமைப்பித்தன் காலத்தில் அவ்வேதாளம் நகைப்புக்குரியதாயிற்று. ‘வேதாளம் சொன்ன கதை’ என்றே அவர் ஒரு கதை எழுதினார். ஆனால் 1943-இல் வெளிவந்த அவருடைய ‘காஞ்சனை’ நகைப்பன்று. எழுத்தாளன் ஒருவனின் மனைவி, இரந்து வந்த பெண்ணொருத்தியை வீட்டு வேலைக்கு அமர்த்துகிறாள். அதன்பின் கணவனுக்கு அமைதியில்லை. வந்தவள் பேயோ, அன்றி அவன் மனமயக்கமோ, ஆசிரியர் உரைத்தாரில்லை. பெங்களூரில் இரவுப் பணி பார்த்து இருளோடு பழகிய நானும், இதனைப் படித்த அன்று அடுக்களைக் கதவை இருமுறை தாழிட்டேன். பேயினும் என்னை வருத்துவது பிறிதொன்று: அச்சம் இங்கே இல்லாளின் இரக்கத்தின் வழியே வீடு புகுந்தது. அவ்வழியை எவ்வாறு அடைப்பது?