பல்லாவரக் கல்லும் மரபணு வரலாறும்

இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அமைந்துள்ள பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. இங்கு மனிதர் வாழ்ந்ததை அக்கல் காட்டியது. இன்று வாழ்வோரின் முன்னோர் யார் என்பதைக் கல்லால் சொல்ல இயலாது.

அவ்வினாவை மக்கள்தொகை மரபணுவியல் ஆராய்கிறது. 2009-இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங், அமெரிக்காவின் டேவிட் ரைக் ஆகியோர் அடங்கிய குழு, 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுத் தரவுகளைக் கணினியில் ஒப்பிட்டது. பெரும்பாலான இந்தியச் சமூகங்கள் இரு தொன்மையான மக்கள் பிரிவுகளின் கலப்பால் உருவானவை என்று அது கண்டது.

கலப்புக்குப்பின், மூதாதையரிடமிருந்து வந்த மரபணுத் துண்டுகள் தலைமுறைதோறும் சிறிதாகின்றன. அவற்றின் நீளத்தைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம். இவ்வாறு கணித்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு, 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன் கலப்பு பரவலாக நிகழ்ந்ததாகக் கூறியது. பின்னரே அகமண வழக்கம் இறுகியது. சிறு சமூகத்துக்குள்ளேயே தொடரும் மணம் சில மரபு நோய்களின் வாய்ப்பைக் கூட்டுகிறது. எச்சமூகத்தில் எந்நோயை முன்கூட்டியே சோதிக்க வேண்டும் என்பதை அறியவும் இவ்வரலாறு உதவுகிறது.