ஓடுபாதை யாருக்கு? - பயிற்சி விமானங்கள் கற்ற பாடம்

நெடுங்காட்டுப் பக்கத்துப் பெரியவர்களிடம் பேரளம் - காரைக்கால் ரயிலைப் பற்றிக் கேட்டால் கதை கதையாய்ச் சொல்வார்கள். 1898-இல் ஓடத் தொடங்கிய அந்த மீட்டர்கேஜ் ரயில் 1980-களில் நின்றுபோனது. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும்? அதைத் தடுக்க ரயில்வே கண்ட வழிதான் டோக்கன். டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே அந்தப் பாதையில் நுழையலாம்.

விமானங்களின் ஓடுபாதையும் (ரன்வே) ஒற்றைப் பாதைதான். ஆனால் அங்கே டோக்கனைக் கையில் கொடுக்க முடியாது. வாய்ச்சொல்தான் டோக்கன்! அந்தச் சொல் தெளிவாக இல்லாவிட்டால்...? விமானப் பயிற்சியின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது.

புல்வெளிக் காலம்

1930-ஐ ஒட்டி மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் தொடங்கியபோது மாணவர்கள் பழகியது 'ஜிப்சி மாத்' என்ற இரட்டை இறக்கை விமானத்தில். கூரை இல்லாத இரண்டு இருக்கைகள். வானொலி கிடையாது, பிரேக்கும் கிடையாது. ஆசிரியர் ஒரு குழாய் வழியாகப் பேசுவார், மாணவர் காதில் அது விழும். தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்து மூக்கு உயர்ந்திருப்பதால் நேர் எதிரே இருப்பது தெரியாது. அதனால் பாம்பு போல வளைந்து வளைந்துதான் ஓட்டிச் செல்வார்கள்.

அன்றைய இறங்குதளங்களில் பல வெறும் புல்வெளிகள். காற்று எந்தப் பக்கம் இருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் பார்த்து ஏறலாம், இறங்கலாம். தரையிலிருந்து விளக்கொளியால் சைகை காட்டுவார்கள். வானில் இருப்பவருக்கு நிலையான பச்சை என்றால் இறங்கலாம். தரையில் இருப்பவருக்கு நிலையான சிவப்பு என்றால் நில். சிவப்பு விட்டு விட்டு ஒளிர்ந்தால் இறங்குபாதையை விட்டு விலகு. வானொலி பழுதானால் உதவும் என்பதற்காக இந்தச் சைகைகளை இன்றும் ஒவ்வொரு மாணவ விமானியும் மனப்பாடம் செய்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

தளம் போட்ட பாதை

இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் மாற்றியது. கனமான போர் விமானங்களை மண் தரை தாங்காது. தஞ்சாவூர், சூலூர், சோழவரம் என்று நம் பக்கத்திலேயே போர்க்காலத் தளங்கள் முளைத்தன. பரந்த வெளி சுருங்கி ஒரே கோடாகியது. ஏறுபவரும் இறங்குபவரும் அதே கோட்டில்தான். வசதி வந்தது, கூடவே ஆபத்தும் வந்தது!

583 உயிர்கள்

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில் கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். புறப்பட்ட பிறகு செல்ல வேண்டிய வழியைத்தான் கட்டுப்பாட்டாளர் சொன்னார். கே.எல்.எம். விமானியோ அதைப் புறப்படும் அனுமதி என்றே எடுத்துக்கொண்டார். "காத்திருங்கள்" என்று கோபுரம் சொன்ன அதே நொடியில் பான் ஆம் விமானமும் வானொலியில் பேச, இரண்டு குரலும் ஒன்றையொன்று மறைத்தன. மோதலில் இறந்தவர்கள் 583 பேர்.

அந்த கே.எல்.எம். விமானி சாதாரண ஆள் அல்ல, தன் நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். பயிற்சிக்கூடத்தின் சிமுலேட்டரில் அனுமதி கொடுப்பவரும் பயிற்றுநரே. யாரிடமும் அனுமதிக்குக் காத்திருந்து பழகாத அந்தச் சூழலையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. அதன் பிறகு 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது என்று வழக்கமானது.

டெல்லியில் நடந்தது

1994 மார்ச் 8. டெல்லியில் சஹாரா நிறுவனத்தின் போயிங் 737-இல் மாணவ விமானிகளுக்குப் பயிற்சி. இறங்கி உடனே ஏறும்போது ஓர் எஞ்சின் நின்றுவிட்டதாகப் பாவனை. மாணவர் தவறான பக்கத்து ரட்டர் மிதியை அழுத்திவிட்டார். பயிற்றுநர் அதைத் தடுக்கவுமில்லை, தெளிவான கட்டளை தரவுமில்லை என்றது விசாரணை. விமானம் விழுந்து, நின்றிருந்த ரஷ்ய விமானத்தில் மோதியது. ஒன்பது பேர் மாண்டனர்.

இங்கும் குறை சொல்லில்தான்!

இன்றைய மாணவர்

இன்று செஸ்னா போன்ற சிறிய விமானத்தில் பழகும் மாணவர் முதல் வாரத்திலேயே கற்பது இதைத்தான். விமானத்தை யார் ஓட்டுகிறார் என்பதை ஆசிரியரும் மாணவரும் வாய்விட்டுச் சொல்லியே கைமாற்ற வேண்டும். ஓடுபாதைக்கு முன்னுள்ள மஞ்சள் கோட்டில் நிற்க வேண்டும். கோபுரம் சொன்ன அனுமதியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வணிகவியலில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருப்பது போல, ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு மறுமொழி. கணக்கு இடித்தால் பிழை அங்கேயே தெரிந்துவிடும். அனுமதி கிடைத்த பிறகும் இருபுறமும் பார்த்துவிட்டே நுழைய வேண்டும்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 ஜனவரி 2-இல் டோக்கியோவின் ஹனேடாவில் அனுமதி பெறாமல் ஓடுபாதையில் நுழைந்த கடலோரக் காவல் விமானத்தின் மீது பயணிகள் விமானம் மோதி ஐவர் இறந்தனர்.

காரைக்காலில் விமான நிலையம் இல்லை. விமானியாக ஆசைப்படும் நெடுங்காட்டுப் பிள்ளை வெளியூர் சென்றுதான் கற்க வேண்டும். அங்கே முதல் நாள் ஆசிரியர், "சொன்னதைத் திருப்பிச் சொல்" என்று கண்டிக்கும்போது அது வெறும் சம்பிரதாயமாகத் தோன்றலாம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனையோ உயிர்கள் இருக்கின்றன என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.