உரிமையாக வந்தது கடனாக மாறிய கதை

மருத்துவக் கலந்தாய்வு நடக்கும் நாட்களில் நம் தோழர்களின் கைப்பேசிகள் ஓய்வதில்லை. "அண்ணா, சீட்டு கிடைச்சிருச்சு. ஆனா தனியார் காலேஜ்" என்று தொடங்கும் அழைப்புகளே அதிகம். அப்படி அழைத்த ஒரு பெண்ணோடு நாங்கள் வங்கிக்குப் போனோம். அப்பா லாரி ஓட்டுநர், அம்மா தையல் கம்பெனியில் வேலை. மேலாளர் மதிப்பெண் பட்டியலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கேட்டது இரண்டே கேள்விகள். "உங்க பேர்ல பட்டா இருக்கா? சொந்தத்துல அரசு ஊழியர் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போடுவாங்களா?"

இரண்டுமே இல்லை. அந்தப் பெண் அந்த ஆண்டு மருத்துவம் சேரவில்லை.

மேலாளர் கெட்டவர் என்று சொல்லிவிட்டுக் கடந்து போவது எளிது. ஆனால் அவர் விதியை மீறவில்லை, விதிப்படிதான் கேட்டார். அந்த விதி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பட்டா. நம்மிடம் ஏன் நிலம் இல்லை என்ற கேள்விக்கு ஆங்கிலேய அரசின் ஆவணங்களிலேயே பதில் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில அரசாணை வந்தது. பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்ற பாதுகாப்போடு நிலம் கொடுத்தார்கள். அந்த நிலங்கள் எப்படிக் கை மாறின என்பதை நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டாலே தெரியும்.

கடனும் நமக்குப் புதிதல்ல. முன்பணம் வாங்கியவன் பண்ணையாள், அவன் பிள்ளையும் பண்ணையாள் என்று தலைமுறைகளைக் கட்டிப்போட்ட கயிறே கடன்தான். தஞ்சைப் பண்ணையாட்களுக்கு 1952இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. நேற்றுவரை கடனால் கட்டப்பட்டிருந்த வீட்டுப் பிள்ளையிடம்தான் இன்று, "கடன் வாங்கிப் படி" என்கிறார்கள்.

அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவமும் இதையே சொல்கிறது. 1913இல் பரோடா அரசின் உதவியோடு அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படிப்பு முடிந்ததும் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத்தான் அந்த உதவியைப் பெற்றார். அதாவது உழைப்பால் திருப்பித் தர வேண்டிய உதவி. 1917இல் சொன்ன வாக்கைக் காப்பாற்ற பரோடா போனார். அந்த நகரத்தில் அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களில் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். 1920இல் மீண்டும் லண்டன் போகும்போது அவரிடம் இருந்தவை சொந்தச் சேமிப்பு, சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய் கடன்.

இங்கே கவனியுங்கள் தோழர்களே. படித்தவனுக்கு வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் கடனை அடைப்பான் என்பதே எல்லாக் கல்விக் கடனுக்கும் அடிப்படைக் கணக்கு. அந்தக் கணக்கில் சாதி இல்லை. ஆனால் வாடகைக்கு வீடு தேடும்போதும் வேலை தேடும்போதும் சாதி இருக்கிறது. கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவராலேயே பரோடாவில் அந்தக் கணக்கை நேர் செய்ய முடியவில்லை.

அதனால்தான் அதிகாரத்தில் அமர்ந்ததும் அவர் நமக்காகக் கடன் கேட்கவில்லை. 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் சேர்ந்த சில மாதங்களிலேயே லின்லித்கோவிடம் பட்டியல் சாதியினரின் குறைகளைப் பட்டியலிட்டு மனு கொடுத்தார். கலை, சட்டப் படிப்புகள் மட்டும் நமக்குப் போதாது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும், அதற்கான செலவு நம் மக்களின் சக்திக்கு மீறியது, ஆகவே அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இன்று 'போஸ்ட் மெட்ரிக்' என்று நாம் சொல்லும் உதவித்தொகையின் வேர் அதுதான். அதில் ஜாமீனும் வட்டியும் கிடையாது. திருப்பித் தரவும் வேண்டாம்.

கடன் அதன் பிறகு வந்தது. 1963இல் ஒன்றிய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கு வட்டி கிடையாது. படித்து முடித்து ஆசிரியராகப் போனால், பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. மக்களுக்கு வேலை செய்தால் கடன் கரையும் என்ற எண்ணமாவது அரசுக்கு அன்று இருந்தது.

அடுத்து வந்தது தனியார் மருத்துவக் கல்லூரிகளின் காலம். மோகினி ஜெயின் வழக்கு 1992இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. கர்நாடகத்தில் அரசு ஒதுக்கீட்டு மருத்துவ இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் கட்டணம். வெளிமாநில மாணவியான அவரிடம் தனியார் கல்லூரி கேட்டது 60,000 ரூபாய். கேபிடேஷன் கட்டணம் கூடாது என்றது நீதிமன்றம். பத்து ஆண்டு கழித்து, டி.எம்.ஏ. பாய் வழக்கில், தனியார் கல்லூரிகள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ள அதே நீதிமன்றம் பெருமளவு இடம் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2001இல், வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்திருந்தது. 4 லட்சம் வரை ஜாமீன் வேண்டாம், அதற்கு மேல் மூன்றாம் நபர் ஜாமீனோ சொத்து ஈடோ வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. கட்டணத்தை உயர்த்தும் உரிமை கல்லூரிக்கும் கடன் வாங்கும் உரிமை நமக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிடைத்தன.

2015இல் கடன் உத்தரவாத நிதி வந்தது. 7.5 லட்சம் வரை எந்த ஜாமீனும் இல்லாமல் கடன் தர அது வழி செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தமிழ்நாட்டில் தனியார் மருத்துவக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல் கட்டணம். 7.5 லட்சம் இரண்டு ஆண்டுகளுக்குக்கூடப் போதாது. மூன்றாம் ஆண்டுக்குப் பட்டா வேண்டும். 2024இல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் ஜாமீன் கேட்பதில்லை, ஆனால் தரவரிசையில் தேர்வான நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

சரி, உதவித்தொகை என்ன ஆனது? ஒன்றிய அரசின் பங்கு சுருங்கிச் சுருங்கிச் சுமை மாநிலங்களின் தலையில் விழுந்தது. பல மாநிலங்களில் பணம் நின்றது. மாணவர் அமைப்புகளும் தலித் இயக்கங்களும் கேள்வி கேட்ட பிறகு, 2020 டிசம்பரில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கீட்டில் ஐந்து ஆண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. குடும்ப வருமான வரம்பு மட்டும் 2.5 லட்சத்திலேயே நின்றது.

அதே ஆண்டில் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட முடியாமல் சில பிள்ளைகள் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகு அந்தக் கட்டணத்தை அரசே ஏற்றது. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

இப்போது நாம் வங்கிக்கு அழைத்துப் போன பெண்ணைப் பாருங்கள். பெற்றோர் இருவரும் உழைத்ததால் வருமானம் 2.5 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது, உதவித்தொகை இல்லை. படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, 7.5 விழுக்காட்டில் இடமில்லை. வீட்டில் பட்டா இல்லை, கடனும் இல்லை. தேர்வில் வென்றவள் மூன்று கதவுகளில் தோற்றாள்.

கடன் வாங்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. கிடைக்கிற கடனை வாங்குங்கள். ஆனால் முதலில் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு ஜாமீன் கேட்டால் உத்தரவாத நிதியைச் சுட்டிக்காட்டுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டிக்கு ஒன்றிய அரசின் மானியம் உண்டா என்று கேளுங்கள், 2009இல் வந்த திட்டம் அது. வங்கிக்குத் தனியாகப் போகாதீர்கள். நாலு பேராகப் போங்கள்.

இவை அந்தந்த நாளைச் சமாளிக்கும் வழிகள். நம் கோரிக்கைகள் வேறு. வருமான வரம்பு இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர வேண்டும். கட்டணம் மாணவரைக் கேட்காமல் அரசிடமிருந்து நேராகக் கல்லூரிக்குப் போக வேண்டும். 1963இல் ஆசிரியருக்குத் தந்ததை இன்று கிராம ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பணியாற்றும் மருத்துவருக்கும் தர வேண்டும். ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு கடன் தள்ளுபடி.

அண்ணல் 1942இல் கேட்டது சலுகையல்ல, கடனுமல்ல. பல நூறு ஆண்டுகளாக நம் உழைப்பை வாங்கிக்கொண்டு கூலி தராத சமூகம்தான் இங்கே கடன்பட்டிருக்கிறது. அடுத்த முறை ஒரு மேலாளர் நம் பிள்ளையிடம் ஜாமீன் கேட்கும்போது, யார் யாருக்குப் பாக்கி என்பது நமக்கு நினைவிருக்கட்டும்.

அந்தப் பெண் இந்த ஆண்டு மீண்டும் நீட் எழுதுகிறாள். இந்த முறையும் நாம் உடன் போவோம்.