புக்குசிமாக் கடலும் அந்தக் கடற்றொழிலாளர்களும்

நான் எழுத்தாளன் இல்லை. இங்கே நோர்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். படிப்பு ஊரில் உயர்தரத்தோடு நின்று போனது. எங்கள் சங்கத்தின் தமிழ் வகுப்பு வாசலில் நின்றபோது ஒரு பெடியன் கேட்டான்: "மாமா, நீங்கள் மீன் பக்டரியிலதானே வேலை. யப்பான் மீன் சாப்பிட்டால் செத்துப் போவமாம், உண்மையோ?" எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடி வாசித்ததை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதும் இல்லை. 2004 மார்கழி 26 சுனாமி வந்தபோது எனக்கு 13 வயது. வடமராட்சிக் கரையில் எங்கள் வீடு. அப்பா கடற்றொழிலாளி. சில கிழமை கழித்து இரவல் வள்ளத்தில் போய் மீன் பிடித்து வந்தார். வாங்க ஆளில்லை. "சவத்தைத் திண்ட மீன்" என்று சனம் கதைத்தது. கொண்டுபோன மீனைத் திருப்பிக் கொண்டுவந்து மணலுக்குள் தாட்டார். அம்மாவே அதைச் சமைக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டா. நானும் சாப்பிடவில்லை.

ஆறு வருடத்துக்குப் பிறகு, 2011 பங்குனி 11ஆம் திகதி பிற்பகல் 2.46 மணிக்கு, யப்பானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் 9.0 அளவில் நிலம் நடுங்கியது. கரையோரத்தில் இருந்த புக்குசிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் உலைகள் தாமாகவே நின்றன. ஆனால் நிறுத்தின உலையும் நாட்கணக்காகச் சூடு கக்கும். அதைக் குளிரவைக்கத் தண்ணீர் ஓட வேண்டும், தண்ணீர் ஓட மின்சாரம் வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறத்தாழ 14 மீற்றர் உயரத்தில் சுனாமி வந்தது. அவர்கள் கணக்கில் எடுத்திருந்ததோ 5.7 மீற்றர் அலையைத்தான். ஜெனரேற்றர்கள் மூழ்கின. ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளிலும் எரிபொருள் உருகியது.

கதிரியக்கம் கடலுக்குப் பல வழியால் போனது. காற்றில் கிளம்பியதில் பெரும்பகுதி கடலில்தான் விழுந்தது. உலைகளைக் குளிரவைக்க ஊற்றின தண்ணீர் நஞ்சாகி, ஒரு குழியின் வெடிப்பால் நேரே கடலுக்குள் பாய்ந்தது. சித்திரை 6ஆம் திகதிதான் அதை அடைத்தார்கள். விபத்துக்கு முன் அந்தக் கரையில் ஒரு கன மீற்றர் நீரில் சீசியம்-137 ஒன்றிரண்டு பெக்கரெல் மட்டுமே. அந்த நாட்களில் நிலைய வாசலில் அது 6 கோடி 80 இலட்சம் வரை ஏறியது.

அடுத்த ஒரு மாதத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. காரணம் குரோசியோ என்ற பெரிய நீரோட்டம். அது நஞ்சை இழுத்துக்கொண்டு பசுபிக் சமுத்திரத்துக்குள் போய்க் கலந்தது. 2015இல் கனடாவின் மேற்குக் கரையில் அளந்தபோது சீசியம்-137 ஒரு கன மீற்றருக்கு 6 பெக்கரெல் அளவில்தான் இருந்தது. கடல் நீரில் இயற்கையாக இருக்கிற பொட்டாசியத்தாலேயே ஏறத்தாழ 12,000 பெக்கரெல் உண்டு.

அப்படியென்றால் மீனுக்கு என்ன நடந்தது? உயர்தரத்தில் பௌதிகவியலில் அரைவாழ்வுக்காலம் படித்தேன். கதிரியக்கம் பாதியாகக் குறைய எடுக்கும் காலம் அது. அயடீன்-131க்கு 8 நாள், சீசியம்-134க்கு 2 வருடம், சீசியம்-137க்கு 30 வருடம். மீனின் உடம்பு சீசியத்தைப் பொட்டாசியம் போலவே எடுத்துச் சதையில் வைக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். கணவாய் வகைகள் கெதியாக விட்டுவிடும். அடித்தளத்து மீன் அப்படியில்லை. சீசியம் கடலடிச் சேற்றில் ஒட்டும், சேற்றில் வாழும் புழுவை மீன் தின்னும். 2013இல் நிலையத்தின் துறைமுகத்துக்குள் பிடிபட்ட ஐனமே என்ற மீனில் ஒரு கிலோவுக்கு 7 இலட்சத்து 40 ஆயிரம் பெக்கரெல் இருந்தது. விற்கிற மீனுக்கு யப்பானின் எல்லை 100.

புக்குசிமா மீனவர்கள் தாங்களாகவே தொழிலை நிறுத்தினார்கள். 2012 ஆனியில் இரண்டு வகைச் சாக்குக்கணவாயையும் ஒரு வகைச் சங்கையும் மட்டும் பரீட்சார்த்தமாகப் பிடித்தார்கள். தங்களுக்கு 50 பெக்கரெல் என்று அரசாங்கத்தை விடக் கடுமையான எல்லை வைத்து, அளந்து பார்த்தே விற்றார்கள். ஒவ்வொரு இனமாகக் கூட்டி, 2021 பங்குனி வரை அந்தப் பரீட்சார்த்தத் தொழில் நடந்தது. தொழிலை நிறுத்தியதிலிருந்து பத்து வருடம். கடலுக்குப் போகத் தடைச்சட்டம் இருந்த ஊரில் வளர்ந்த எனக்கு, கடலைப் பார்த்துக்கொண்டு கரையில் இருக்கிறது என்னவென்று தெரியும்.

அவர்களுக்குக் கோபம் கடலில் இல்லை. 2011 சித்திரையில் கம்பனி 10,000 தொன்னுக்கு மேற்பட்ட தண்ணீரை வேண்டுமென்றே கடலில் விட்டது. மீனவர்களைக் கேட்கவில்லை. நிலத்தடி நீரோடும் நஞ்சு கடலுக்குப் போகிறது என்று 2013 ஆடியில்தான் ஒத்துக்கொண்டது. 2015இல் அரசாங்கமும் கம்பனியும், சம்பந்தப்பட்டவர்கள் விளங்கி ஏற்காமல் தாங்கிகளில் சுத்திகரித்து வைத்த தண்ணீரை வெளியேற்றமாட்டோம் என்று எழுத்திலேயே வாக்குக் கொடுத்தார்கள். 2023 ஆவணி 24ஆம் திகதி, மீனவர் சங்கங்கள் வேண்டாம் என்று நிற்கவே, அது திறந்துவிடப்பட்டது. அதில் மிச்சமிருக்கிற பிரதானமான பொருள் ரிற்றியம். அதைக் கலக்கி லீற்றருக்கு 1,500 பெக்கரெலுக்குக் கீழே கொண்டுவந்துதான் விடுகிறார்கள். பாதிப்பு மிகச் சிறியது என்று சர்வதேச அணுசக்தி முகவரகம் சொன்னது. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் கணக்குச் சொல்கிறவன் முன்பு மறைத்தவன் என்றால், சனம் எப்படி நம்பும்? அதே நாளில் சீனா யப்பானின் கடலுணவு முழுவதையும் தடை செய்தது. நட்டம் போனது மீனவனின் தலையில்.

எனவே அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான்: "சாகமாட்டம் ராசா. கடையில இருக்கிற மீன் அளந்து பார்த்த மீன். ஆனால் நீ கேட்டது நல்லது. கேள், அளவைக் கேள், யார் அளந்தது எண்டும் கேள்."

அப்பா இப்ப இல்லை. அன்றைக்கு அவர் தாட்ட மீனில் ஒரு பிழையும் இருக்கவில்லை. சந்தையில் அதைச் சொல்லி நம்பவைக்கத்தான் அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.